வஹ்தா பாட்டிக்கும் உங்கள் எல்லோருக்கும்

நேற்று காலை ஹாஸ்டல் படியில் கம்பு இல்லாமல் தனியாக இறங்கினேன். மொத்தம் 14 படி. கீழே வந்து நின்றவுடன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தள்ளிப்போட்டால் பரீட்சை வந்துவிடும், அப்புறம் எழுதவே மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஜனவரியில் என் காலுக்கு நடந்தது ரஷ்யாவில், இந்த இஷெவ்ஸ்கில் படிக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் அந்த ராத்திரி என்னுடனேயே இருந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், ஆபரேஷனுக்கு முன் இரண்டே மணி நேரத்தில் பணம் புரட்டிய சீனியர் அண்ணன்கள், டாக்டர் ரஷ்ய மொழியில் சொன்னதை நான் பயந்துவிடாத மாதிரி தமிழில் மாற்றிச் சொன்ன அக்கா (முழுசாகச் சொல்லவில்லை என்று டிஸ்சார்ஜ் தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது, பரவாயில்லை), முறை போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து அறை மலையாளப் பெண்கள், நோட்ஸ் எழுதிக் கொடுத்தவர்கள், ராஜபாளையத்தில் என் அம்மாவைப் பேசிப் பேசியே விமானம் ஏறாமல் பார்த்துக்கொண்ட சித்தி, எல்லோருக்கும் கும்பிடு. பெயர் பெயராக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவீர்கள்.

இந்த மடலில் மிச்சமெல்லாம் வஹ்தா பாட்டிக்கு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், வஹ்தா என்பது ஹாஸ்டல் வாசலில் இருக்கும் காவல் மேஜை. ஒருவர் 24 மணி நேரம் உட்காருவார், அடுத்த மூன்று நாள் அவருக்கு ஓய்வு, அப்படி நாலு பேர் மாறி மாறி வருவார்கள். நாலு பேரில் இந்தப் பாட்டியைக் கண்டால்தான் எங்களுக்கு நடுக்கம். மூன்று வருஷத்தில் நான் அவரிடம் வாங்கியதெல்லாம் திட்டுத்தான். பாஸைக் காட்டு, பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வா, தொப்பி எங்கே.

காலில் எடை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னது பிப்ரவரி கடைசியில். மறுநாளே அக்குள் கட்டைகளோடு வகுப்புக்குக் கிளம்பினேன். விட்ட வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒத்ரபோத்கா, அதாவது அந்தப் பாடத்தைத் தனியாக ஈடுசெய்து, கொடுக்க வேண்டும், அது ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடந்தது. வாசலைத் தாண்டிப் பத்தடிதான் போயிருப்பேன். கட்டையின் ரப்பர் நுனி, பனிக்கட்டியில், சோப்பின் மேல் வைத்த மாதிரி ஓடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தேன். பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். காலை ஏழேகால், இன்னும் சரியாக விடியவில்லை, டிராம் பிடித்து வந்து என் அறைக் கதவைத் தட்டினார். கையில் இரண்டு ஸ்கீ கம்புகள். சாதாரணமாக அந்தக் கம்பு தோள் உயரம் இருக்கும். இவை நான் நின்றால் என் முழங்கை உயரத்துக்கு வருகிற மாதிரி அறுக்கப்பட்டிருந்தன. பிடியைக் கழற்றி, அறுத்த முனையில் திரும்ப மாட்டி, கைவாரைப் புதிதாகத் தைத்து, கீழே இருக்கும் எஃகு முள்ளை அரத்தால் கூர் தீட்டியிருந்தார். ரப்பர் வழுக்கும், முள் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம், டாக்டருக்குப் படிக்கும் எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் உயரம் என்ன என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆயுசில் பாதியைக் குழந்தைகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பதில் கழித்தவராம், பார்த்தாலே அளவு தெரிகிறது. அவர் கோச்சாக இருந்தவர் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்கள் கம்பை அறுத்துவிட்டீர்களே" என்றேன்.

"வீட்டில் நாலு ஜோடி இருக்கிறது, தோச்கா. பொறுமைதான் இல்லை. நட."

தோச்கா என்றால் மகளே.

அன்றிலிருந்து ஆறு வாரம், ஓய்வு நாளும் சேர்த்து, ஒரு நாள் விடவில்லை. வகுப்புக் கட்டடம் 700 மீட்டர் இருக்கும், முதல் நாள் 50 நிமிடம் ஆனது. பாட்டி கூடவே நடக்கமாட்டார், கையைப் பிடிக்கமாட்டார். நாலடி முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே போவார். பேச்செல்லாம் கால்யாவைப் பற்றித்தான்.

கால்யா என்றால் கலீனா குலாக்கோவா, சோவியத் பனிச்சறுக்கு வீராங்கனை. இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு பனிச்சறுக்கு வளாகமே இருக்கிறது, யார் இவர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஊர் இருக்கிற இதே உத்மூர்த்தியா மாநிலத்தில், வோத்கின்ஸ்க் பக்கத்துக் கிராமத்தில், 1942இல் பிறந்தவர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி, அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. ஒலிம்பிக்கில் மட்டும் 4 தங்கம். ஆனால் பாட்டிக்குத் தங்கத்தில் அவ்வளவு ருசி இல்லை. முதல் நாள் முழுக்க 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்தான். 5 கிலோமீட்டர் போட்டி, கால்யாவுக்கு 25 வயது, முன்னிலையில் வந்துகொண்டிருந்தவர் முடிவுக்கோடு நெருங்கும்போது விழுந்துவிட்டார். ஸ்வீடனின் தோய்னி குஸ்தாவ்சன் 3.2 வினாடியில் ஜெயித்தார்.

"விழுந்து எழுந்திருக்க எத்தனை வினாடி ஆகும், சொல்லு."

"3.2ஐ விட அதிகம்."

"அப்புறம் என்ன செய்தாள்?"

எனக்கு எப்படித் தெரியும்? அதே வாரத்தில் ரிலே ஓடி வெண்கலம் வாங்கினாராம்.

1972 சப்போரோ கதை பத்தடியில் முடிந்துவிட்டது. அப்போது பெண்களுக்கு இருந்ததே மூன்று போட்டிகள்தான், 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், ரிலே. மூன்றிலும் கால்யாவுக்குத் தங்கம். "ஜெயித்தாள், அதில் சொல்ல என்ன இருக்கிறது" என்றார். இதைக் கேட்டு நின்று சிரித்ததில் அன்றைக்கு வகுப்புக்கு லேட்.

மார்ச்சில் எனக்குச் சளி பிடித்தபோதுதான் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக் கதை வந்தது. நான் மூக்கில் சொட்டு மருந்து விடுவதைப் பார்த்து, பாட்டிலைப் பிடுங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளை முழுக்கப் படித்தார். 1976இல் கால்யாவுக்கும் சளி, அவரும் மூக்கு மருந்து போட்டிருக்கிறார், அதில் எபெட்ரின். ரத்தக்குழாயைச் சுருக்கி மூக்கடைப்பை எடுக்கும், கூடவே இதயத்தையும் தட்டி எழுப்பும், அதனால் தடைப்பட்டியலில் இருந்த மருந்து. 5 கிலோமீட்டரில் வாங்கிய வெண்கலத்தைப் பறித்துவிட்டார்கள், அது அவருடைய அணியிலேயே இருந்த நீனா பல்தீச்சவாவுக்குப் போனது. விதி விதிதான், பார்மகாலஜி படித்த எனக்கு அதில் வாதமே இல்லை. ஆனாலும் 33 வயதில், உலகமே பார்க்க, ஒரு சளி மருந்துக்காக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு மறுநாள் சாப்பாட்டு அறைக்குள் எப்படி நுழைந்திருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"அப்புறம் என்ன செய்தாள்?" என்று இந்த முறை நான்தான் கேட்டேன்.

மிச்சப் போட்டிகளில் ஓட அனுமதித்தார்கள். 10 கிலோமீட்டரில் வெண்கலம், ரிலேயில் தங்கம், நாலு பேர் கொண்ட அந்த ரிலேயில் பல்தீச்சவாவும் உண்டு. பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் அவருடைய நடை கொஞ்சம் வேகமானது.

நடுவில் ஒரு நாள் நான் விழுந்தேன். பக்கவாட்டில், அடிபடாத கால் பக்கமாக, நல்ல வேளை. பாட்டி ஓடி வருவார் என்று பார்த்தேன். நாலடி தள்ளி முதுகைக் காட்டியபடியே நின்று, சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ரஷ்ய மொழியில் எண்கள் எனக்கு அவ்வளவு தெளிவாக எந்த வகுப்பிலும் புரிந்ததில்லை. 100இல் எழுந்துவிட்டேன். "கிரெனோபிள் இல்லை, ஆனாலும் சரி" என்றார். பிப்ரவரியில் ஜன்னலுக்குப் பின்னால் அவர் ஏன் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தார் என்று அந்த ஈரத்தோடு நடந்து போகும்போதுதான் யோசித்தேன்.

லேக் பிளாசிடைக் கடைசி வாரத்துக்கு வைத்திருந்தார். 1980, 37 வயது, ரிலேயில் வெள்ளி, கால்யாவின் நாலாவது ஒலிம்பிக். அந்தக் கதையை நான் படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு வாக்கியம் என்று சொன்னார், ஏறி முடிக்காவிட்டால் முடிவு கிடையாது.

அடுத்த பனிக்காலத்துக்குள் காலில் இருக்கும் பிளேட்டை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். எடுத்த பிறகு, குலாக்கோவா வளாகத்தில், ஸ்கீ மாட்டிக்கொண்டு 5 கிலோமீட்டர் போகப்போகிறேன். கடைசியாக வந்தாலும் போவேன், எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது. பாட்டியிடம் சொன்னேன். "ஐந்தா? முதலில் ஒன்று போ" என்றார்.

கம்புகளைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. நாளை அவருடைய முறை. இதை ரஷ்ய மொழியில் மாற்றி மேஜைக்கு முன்னால் நின்று படிக்கப்போகிறேன், மூன்றாவது வரியிலேயே கையை ஆட்டி நிறுத்தச் சொல்வார். அதற்கு முன் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே பனி உருகி ஒரே சேறு.