சுரண்டுவதற்கு முன் ஒரு கைப்பிடி காரை

திருப்பணி மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் வல்லுநர் குழுவினருக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு பழங்கோபுரத்துக்கான ஒப்பந்தப்புள்ளியைப் படித்தோம். "பழைய காரையை முழுவதும் சுரண்டி அப்புறப்படுத்துதல்" என்பது முதல் வேலை. அடுத்தது, "பாரம்பரிய முறையில்" கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து. அதே பக்கத்தில் செங்கல், கற்களுக்கு இடையிலுள்ள மூட்டுகளுக்கு 1:3 சிமெண்ட் கலவை! பாரம்பரியம் எந்த வரியில் முடிகிறது என்று தெரியவில்லை. பழைய காரையைச் சோதிக்க மட்டும் ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை.

சிமெண்ட் என்ன செய்யும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. இறுகி நிற்கும் மூட்டு வழியே ஈரம் வெளியேறாது. மென்மையான செங்கல் வழியாகத்தான் வெளியேறும். கூடவே வரும் உப்பு செங்கலுக்குள் படிகமாகி அதன் முகத்தை உரித்துத் தள்ளும். மூட்டு அப்படியே நிற்க, செங்கல் குழிந்துபோகும்.

எங்கள் வருத்தம் அதற்கும் முந்தையது. சுரண்டிய காரை லாரி ஏறிவிட்டால் அந்தக் கட்டடத்தின் கலவைக் குறிப்பும் போய்விட்டது. ஆகவே சுரண்டும் முன் மாதிரி எடுங்கள்.

பெரிய வேலையும் இல்லை. மழை படாத இடத்தில், மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ.க்கும் உள்ளே, ஒவ்வொரு கட்டுமானக் காலத்துக்கும் மூன்று நான்கு கட்டிகள், தலா 50 கிராம் போதும். எந்த நிலை, எந்த வரிசை என்று பையின் மேல் எழுதுங்கள். பொடியாக அல்ல, கட்டியாக வேண்டும். பிசின் ஊற்றி இறுக்கி, 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, கனிமங்களை இனம்காட்டும் துருவமுனைப்பு நுண்ணோக்கியில் பார்த்தால் மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது, செங்கல் தூள் கலந்ததா, சுண்ணாம்பு சரியாக நீறியதா, முன்பே யாராவது சிமெண்ட் பூசினார்களா என்பதெல்லாம் தெரியும். உப்பு ஏறிய மாதிரியைத் தண்ணீர் விட்டு அறுக்கக் கூடாது, உப்பு கரைந்துவிடும். எண்ணெய் விட்டு அறுக்க வேண்டும்.

காரையை அமிலத்தில் கரைத்து எஞ்சும் மணலை எடைபோட்டு விகிதம் சொல்வது மலிவான வழிதான். ஆனால் கடலோரக் கோயில்களில் மணலோடு கிளிஞ்சல் துண்டும் இருக்கும், அதுவும் சேர்ந்து கரையும். சுண்ணாம்பு இருந்ததைவிட அதிகம் என்று கணக்கு வரும். அதை நம்பிக் கலவை போட்டால் பூச்சு சுருங்கி வெடிக்கும்.

கல்லுக்கும் இதே கதை. மதிப்பீடுகளில் எல்லாமே "கருங்கல்". பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோகைட் என்ற பாறையும் கருங்கல், கிரானைட்டும் கருங்கல். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் கிரானைட், அதற்கு மேலே மணற்கல். நீரை உறிஞ்சுவதில் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். இரண்டுக்கும் ஒரே மூட்டுக் கலவை எழுதுவதற்கு மதிப்பீடு எதற்கு, ரப்பர் முத்திரை ஒன்று போதுமே!

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். நாங்கள் கேட்பது ஒன்றே: சுரண்டும் முன் மாதிரி எடுங்கள். அதன் முடிவு வந்த பிறகே கலவையை எழுதுங்கள். இந்தக் கோபுரத்தில் சாரம் இன்னும் கட்டவில்லை என்று அறிகிறோம். மதிப்பீட்டில் ஒரு வரி சேர்க்க நாள் இருக்கிறது. தயவுசெய்து சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடக் கல்லும் காரையும் ஆய்வோர்