பக்கவாத்தியக்காரர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'வைன்லைட்' ஆல்பம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1980-இல் வெளிவந்த ஒரு ஜாஸ் ஆல்பத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். அதற்காகவே முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

சாக்ஸபோன் இதமாக இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை, லிஃப்டில் ஒலிக்கிற இசைக்கு இதுதான் ஆரம்பம் என்கிறார் அவர். இரண்டு பக்கமும் சாக்ஸபோனைப் பற்றித்தான். கூட வாசித்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒரு கச்சேரி விமர்சனத்தில் வயலின் யார், மிருதங்கம் யார் என்று எழுதாமல் விட்டால் நம் வாசகர்கள் சும்மா விடுவார்களா? தனி ஆவர்த்தனம் எப்படி இருந்தது என்று ஒரு வரியாவது கேட்பார்கள். வெளிநாட்டு ஆல்பம் என்றால் மட்டும் அட்டையில் இருக்கும் பெயரோடு முடித்துக்கொள்கிறோம்.

'வைன்லைட்' அப்படி முடித்துக்கொள்ளக்கூடிய ஆல்பம் இல்லை. 1980 கோடையில் நியூயார்க்கில் பதிவானது. டிரம்ஸ் ஸ்டீவ் காட், கிடார் எரிக் கேல், ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவில் ரிச்சர்ட் டீயும் பால் கிரிஃபினும். காட், கேல், டீ மூவரும் 'ஸ்டஃப்' என்ற குழுவில் ஏற்கெனவே ஒன்றாக வாசித்துப் பழகியவர்கள். ஸ்டீலி டேன் என்ற ராக் குழுவின் 'ஏஜா' பாடலில் அந்தப் பிரமாதமான டிரம்ஸை அடித்தவர் இதே காட்தான். கிரிஃபினோ 1965-லேயே பாப் டிலனுக்குப் பியானோ வாசித்தவர். இப்படிப்பட்டவர்களைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு ஒருவர் மெதுவாக வாசிக்கிறார் என்றால், சோம்பேறித்தனத்தால் அப்படி வாசிக்கவில்லை. பின்னால் என்ன நடக்கிறது என்பது நமக்குக் கேட்கட்டும் என்று இடம் விட்டு வாசிக்கிறார்.

பேஸ் கிடார் வாசித்த மார்கஸ் மில்லருக்கு அந்த ஜூன் மாதம்தான் 21 வயது நிறைந்தது. தலைப்புப் பாடலை ஒருமுறை சாக்ஸபோனை மறந்துவிட்டு, அந்தப் பையனை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் கம்பியைத் தட்டி, மற்ற விரலால் சுண்டி, சாக்ஸபோன் மூச்சு விடுகிற இடைவெளியில் எல்லாம் ஏதாவது ஒன்றைச் செருகிக்கொண்டே இருக்கிறார். குரோவர் ஒரு சொற்றொடரை முடித்த உடனே பதில் வந்து விழுகிறது. அதற்கப்புறம் மில்லரை ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டுக்கொண்டார். 1986-இல் டேவிஸின் 'டூட்டு' ஆல்பத்தில் பெரும்பகுதியை எழுதியதும் மில்லர்தான். லிஃப்ட் இசை வாசித்த பையனையா டேவிஸ் தேடிப் பிடித்திருப்பார்?

அப்புறம் ரால்ஃப் மெக்டொனால்ட். குரோவரோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்தவர், தாள வாத்தியங்களை வாசித்தவர். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர் என்றாலும் குடும்பம் டிரினிடாட்டிலிருந்து வந்தது. இளம் வயதிலேயே பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் குழுவில் சேர்ந்து வாசித்தார். 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாடலின் நடுவில் ஸ்டீல் டிரம் வருகிறதே, எண்ணெய் பீப்பாயில் பிறந்த அந்த டிரினிடாட் வாத்தியம், அதைக் கட்டுரையாளர் "ஏதோ மணியோசை போல" என்று தாண்டிப் போயிருக்கிறார். வாசித்தவர் ராபர்ட் கிரீனிட்ஜ், டிரினிடாட்காரர். ஒரு நியூயார்க் சோல் பாட்டுக்குள் கரீபியன் வெயில் வந்து விழுகிற இடம் அது. அதை மணியோசை என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்று. பலர் இதை சோல் பாடகர் பில் விதர்ஸின் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குரல் அவருடையது, அதனால் அந்த எண்ணம் இயல்புதான். ஆனால் ஆறு பாடல்களில் இந்த ஒன்றில் மட்டும்தான் அவர் பாடுகிறார். மெக்டொனால்டும் அவரோடு சேர்ந்து பாட்டெழுதும் வில்லியம் சால்டரும் கொண்டுவந்த பாடலில், வரிகளைக் கொஞ்சம் செப்பனிட அனுமதித்தால் பாடுகிறேன் என்று சொல்லி உள்ளே வந்தவர் விதர்ஸ். மூவர் பெயரிலும்தான் பாடல் இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது, அடுத்த ஆண்டு சிறந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாடலுக்கான கிராமி வாங்கியது. ஆல்பத்துக்கும் ஜாஸ் ஃப்யூஷன் பிரிவில் ஒரு கிராமி. வானொலிக்காகச் சுருக்கிய பதிப்பு நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆல்பத்தில் இருப்பதோ ஏழு நிமிடத்துக்கு மேல். வெட்டுப்பட்டது பெரும்பாலும் வாத்தியப் பகுதிதான். கட்டுரையாளர் கேட்டது சுருக்கிய பதிப்பாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

'ஸ்மூத் ஜாஸ்', அதாவது காதுக்கு இதமான மென்மையான ஜாஸ், என்ற பட்டத்தையும் பின்னோக்கி ஒட்டக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 'தி வேவ்' வானொலி 1987 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அந்த மாதிரி நிலையங்கள் வந்த பிறகுதான் இதற்கென்று ஒரு சந்தையும் வந்தது. சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜியின் 'பிரெத்லெஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. குரோவரின் தொனியைப் பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டார்கள், அவர் கூட வைத்திருந்த ஆட்களை எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் இருந்த இடத்தில் டிரம் மெஷின் உட்கார்ந்தது. லிஃப்ட் வாசம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'இன் த நேம் ஆஃப் லவ்' பாடல் எனக்கு ஒட்டவே இல்லை, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்திருக்காது. 'லெட் இட் ஃப்ளோ' அப்படியில்லை. பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்காக, 'டாக்டர் ஜே' என்று அவரது பட்டப்பெயரைப் போட்டே எழுதியது. குரோவர் பஃபலோவில் பிறந்தாலும் வாழ்ந்தது பிலடெல்பியாவில்தான். அந்த அணியின் ஆட்டங்களுக்கு முன்னால் தேசிய கீதம் வாசித்தவர். கட்டுரையில் இது ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம் குரோவரே பக்கவாத்தியமாக இருந்து வந்தவர் என்பது. ஆர்கன் வாசித்த சார்லஸ் எர்லண்ட் போன்றவர்களுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தார். 1971-இல் சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் கிராஃபோர்ட் வர முடியாமல் போன ஒரு பதிவில் அவர் இடத்தில் இவரை நிறுத்தினார்கள். அப்படி வந்ததுதான் முதல் ஆல்பம் 'இன்னர் சிட்டி புளூஸ்'. கூட இருப்பவர்களுக்கு இடம் விடத் தெரிந்ததற்கு அந்த வருடங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1999 டிசம்பரில், நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சில பாடல்களை வாசித்துப் பதிவுசெய்து முடித்த கையோடு மாரடைப்பில் இறந்தார். வயது 56.

அடுத்து அவருடைய 1975 ஆல்பம் 'மிஸ்டர் மேஜிக்' பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து கட்டுரையின் கீழே ஒரு சின்னப் பெட்டி போட்டு, வாசித்தவர்கள் பெயரை அச்சிடுங்கள். இசை ஒழுங்கமைப்பு பாப் ஜேம்ஸ், டிரம்ஸ் ஹார்வி மேசன். கிடார் அதிலும் எரிக் கேல், தாள வாத்தியம் அதிலும் ரால்ஃப் மெக்டொனால்ட். தலைப்புப் பாடலை எழுதியதும் மெக்டொனால்டும் சால்டரும்தான்.

தங்கள் வாசகர்,
திருச்சி