பொதுநிகழ்வு அனுமதிகளை ஓரிடத்தில் வழங்குங்கள்

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்து பங்குனி பிறந்ததும் வன்னியில் பொதுநிகழ்வுகளின் காலம் தொடங்கிவிடுகிறது. கோயில் பொங்கல்கள், அன்னதானங்கள், விளையாட்டுக் கழகங்களின் உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகள், இசை நிகழ்ச்சிகள் என ஆவணி வரையில் ஏதாவதொரு கிராமத்தில் பந்தல் எழுந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கான அனுமதிகளை ஓரிடத்தில், ஒரே படிவத்தில் பெறுவதற்குப் பிரதேச சபைகள் வழிசெய்ய வேண்டும் என்பதையும், அந்த அனுமதிகளுக்கு அடிப்படையான உபவிதிகளை, அதாவது சபைகள் தாமே ஆக்கும் விதிகளை, எவரும் சென்று வாசிக்கக்கூடியவாறு சபை அலுவலகத்திலேயே தமிழில் வைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இதனை எழுதுகிறேன்.

சபைக்குச் சொந்தமான மைதானம் என்றால் சபையின் அனுமதியும் வைப்புப் பணமும் வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் அனுமதி பெற வேண்டும். ஊர்வலம் செல்வதானால் அதே சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். உணவு சமைத்துப் பரிமாறுவதாயின் பொது சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியப்படுத்த வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றால் களியாட்ட வரி இருக்கிறது. வீதியை மறிப்பதென்றால் அந்த வீதி யாருடையது என்பதை முதலில் அறிய வேண்டும். ஏ9 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது; உள்ளொழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு உரியவை. இவற்றில் ஒன்றுகூடத் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாசலில் நிற்க வேண்டியிருப்பதும், எந்த வாசலில் முதலில் நிற்பது என்று சொல்லித்தர எவரும் இல்லாதிருப்பதுமே மக்களை வாட்டுகின்றன.

எமது சனசமூக நிலையம் நடத்திய கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றில் நேர்ந்ததைக் குறிப்பிடுகிறேன். மைதான அனுமதிக்குச் சென்றபோது பொலிஸாரின் ஆட்சேபனையின்மைக் கடிதத்தைக் கொண்டுவருமாறு சபையில் கூறினார்கள். பொலிஸ் நிலையத்திலோ, மைதானம் உங்களுக்கு வழங்கப்பட்டதற்கான சபையின் கடிதம் இல்லாமல் ஒலிபெருக்கி அனுமதி தர இயலாது என்றார்கள். இரு தரப்பினரும் தத்தம் நடைமுறையைத்தான் சொன்னார்கள். அவர்களுடைய பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இருக்கவில்லை. வைப்புப் பணம் எந்த உபவிதியின்படி அறவிடப்படுகிறது, எப்போது திருப்பித் தரப்படும் என்று கேட்டபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் அலுமாரியைத் திறந்து கோவைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் இப்படித்தான் அறவிட்டு வருகிறோம் என்றார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற இளைஞர்கள் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். அதே மாதத்தில் அயற்கிராமத்தில் எந்த அனுமதியும் இன்றி நடந்த இசை நிகழ்ச்சியை எவரும் தடுக்கவில்லை. விதியை மதிப்பவன் அலைய, மதிக்காதவன் எந்தத் தடையுமின்றி நிகழ்ச்சியை நடத்தி முடிக்கும் நிலை நீடித்தால், அடுத்த முறை யார்தான் விண்ணப்பிப்பார்கள்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கியிருக்கிறது. சபை தீர்மானித்து, உரிய அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட்ட பின்னரே ஓர் உபவிதி வலுவுக்கு வரும். இவ்வாறு பகிரங்கமாக வெளியிடப்பட்ட ஒன்றை அலுமாரிக்குள் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதனைக் கேட்டுப் பெறலாம் என்பது உண்மைதான். ஆயினும் விண்ணப்பத்தை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிப்பதற்கே அச்சட்டம் 14 வேலை நாட்களை அனுமதிக்கிறது. அடுத்த வாரம் பொங்கலை வைத்திருக்கும் ஆலய பரிபாலன சபைக்கு அதனால் என்ன பயன்?

அலுவலகங்கள் ஒன்றிணைந்து செயற்பட முடியாதவை அல்ல என்பதை நாம் ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். வைகாசியில் நடைபெறும் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னதாக முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் முன்னாயத்தக் கூட்டம் நடத்தி, பொலிஸ், சுகாதாரம், போக்குவரத்து, பிரதேச சபை ஆகிய தரப்புகளை ஒரே மேசையில் இருத்தி, குடிநீர் முதல் கழிவகற்றல் வரை பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மடு மாதா திருவிழாவுக்கும் இவ்வாறே ஆயத்தங்கள் நடக்கின்றன. இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் விழாக்களுக்குச் சாத்தியமான ஏற்பாடு, முந்நூறு பேர் கூடும் சுற்றுப்போட்டிக்கு ஏன் சாத்தியமில்லை? வாரத்தில் ஒரு நாள் முற்பகலில் பொலிஸ் தரப்பில் ஒருவரும் பொது சுகாதாரப் பரிசோதகரும் சபை அலுவலகத்தில் இருந்தாலே போதும். சபை உத்தியோகத்தருடன் சேர்ந்து ஒரே படிவத்தில் மூவரும் ஒப்பமிட்டுவிடலாம்.

ஏற்பாட்டாளர்களாகிய எமக்கும் கடமைகள் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது என்றும், விசேட நிகழ்வுகளுக்கு விலக்களிப்பதானால் அயலில் குடியிருப்போரின் கருத்தை அறிய வேண்டும் என்றும் 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பணித்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயில் கிடக்கும் முதியவரும் இருக்கும் வீட்டுக்கு எதிரே நள்ளிரவு வரை ஒலிபெருக்கியை அலறவிடுவது பக்தியுமல்ல, கலையுமல்ல. விடியும்வரை ஆடப்படும் எமது கூத்துகளின் கதி என்ன என்று சிலர் கேட்கக்கூடும். முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கோவலன் கூத்தை எம் முன்னோர் அண்ணாவியாரின் மத்தளத்தையும் தம் குரலையும் நம்பியே விடிய விடிய ஆடினார்கள். நீதிமன்றம் மட்டுப்படுத்தியது ஒலிபெருக்கியைத்தான்.

கழிவு விடயத்தில் எமது பிழை இதைவிடப் பெரியது. நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரங்களைப் பயன்படுத்துவது 2017 செப்டெம்பர் முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. உணவை வைத்துச் சுற்றும் லன்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் அதே தடைக்குள் வருகின்றன. இருந்தும் திருவிழா முடிந்த மறுநாட் காலையில் வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தால், கச்சான் கடைகளின் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் மதகுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கிழிந்த பொலித்தீனை மாடுகள் மென்றுகொண்டு நிற்கின்றன. வைப்புப் பணம் அறவிடுவதை நான் ஏற்பது இதற்காகத்தான். மைதானமும் சூழலும் துப்புரவாக ஒப்படைக்கப்பட்டால் இத்தனை நாட்களுக்குள் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும், இல்லையேல் இவ்வளவு கழிக்கப்படும் என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், துப்புரவு செய்ய ஆள் தானாக வரும்.

2023 மார்ச்சில் முன்னைய சபைகளின் காலம் முடிந்த பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களே நிர்வாகத்தைக் கொண்டுநடத்தினர். 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் எமக்கு மீண்டும் தவிசாளர்களும் உறுப்பினர்களும் கிடைத்திருக்கிறார்கள். உபவிதிகளைத் திருத்துவதற்குக் காலம் எடுக்கலாம். இருப்பவற்றைப் பிரதியெடுத்து வாயிலில் ஒட்டுவதற்கு ஒரு தீர்மானமே போதும். அடுத்த மாதாந்த அமர்விலேயே அத்தீர்மானத்தை நிறைவேற்றுமாறும், அனுமதி நாளொன்றை ஒதுக்குவது குறித்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியுடனும் சுகாதார வைத்திய அதிகாரியுடனும் பேசுமாறும் வன்னியின் பிரதேச சபை உறுப்பினர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.