'தற்போதைக்கு இல்லை' என்றால் எப்போதைக்கு?

நிர்வாகத்துக்கும் மனிதவளத் துறைக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை நடந்த ஆட்குறைப்பை நான் விவரிக்கத் தேவையில்லை. பட்டியல் போட்டதே நீங்கள்தான். நான் எழுதுவது அதற்கு முந்தைய மூன்று மாதங்களைப் பற்றி.

அந்த மூன்று மாதமும் வேலை பார்த்ததைவிட நாங்கள் சகுனம் பார்த்ததுதான் அதிகம். விலகியவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. பயிற்சிக்கும் பயணத்துக்கும் பணம் நின்றது. யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று ஒரு எக்செல் தாள் சுற்றி வந்தது; நாங்களும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தோம். அடுத்த காலாண்டுத் திட்டக் கூட்டங்களுக்குச் சிலரைக் கூப்பிடவே இல்லை. மேலாளருடன் வாராவாரம் நடக்கும் பேச்சு மூன்று முறை தள்ளிப்போனால் என்ன அர்த்தம் என்று சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி நடந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் அர்த்தமில்லை. மேலாளருக்கு நிஜமாகவே காய்ச்சலாக இருந்திருக்கலாம். எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்து வரும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் சகுனம் பார்க்கவில்லை, நேராகவே கேட்டார். வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், "என் வேலைக்கு ஏதாவது வருமா? வருமென்றால் கடனைத் தள்ளிப்போடுகிறேன்" என்றார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, தைரியமாக வாங்குங்கள்" என்றார் மேலாளர். அடுத்த வாரமே அவருடைய வேலையை இளையவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னீர்கள். அவர் லீவில் போனால் வேலை நிற்கக் கூடாதாம். மாதக் கடைசியில் எந்தக் கோப்பு மக்கர் செய்யும் என்பதுவரை எழுதிக் கொடுத்தார் மனிதர். முடித்த நான்காம் நாள் வாசலில் அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. இயந்திரக் கோளாறு என்று நினைத்து, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு அரை மணி நேரம் ஓரமாக நின்றார். நானும் அவரைக் கடந்துதான் உள்ளே போனேன்.

மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்கும் உத்தரவு இருந்திருக்கும். அந்த உத்தரவைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஆட்குறைப்பே கூடாது என்று சொல்லவில்லை. முன்பே சொல்லுங்கள் என்கிறேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. பொருளாதாரக் காரணங்களுக்காக ஆட்களை நீக்க யோசிக்கும்போதே தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரிய நேரத்தில் தகவல் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை 1982-லேயே சொல்லிவிட்டது. ஆளை நீக்குவது சுலபம் என்று பெயரெடுத்த அமெரிக்காவில்கூட, பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆட்குறைப்புச் செய்தால் பொதுவாக 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1988-இல் சட்டம் வந்தது.

சொன்னால் எல்லோரும் வேறு வேலை தேடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். சொல்லாமலேயே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பிரிண்டரில் யாரோ மறந்துபோன சுயவிவரம் ஒன்று கிடந்தது, துறைத் தலைவருடையது. மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன்.

பொதுக் கூட்டத்தில் "தற்போதைக்கு ஆட்குறைப்புத் திட்டம் எதுவும் இல்லை" என்றீர்கள். அந்தத் 'தற்போதைக்கு' 19 நாள் தாங்கியது. இப்போது மிச்சமிருப்பவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பயிலரங்கு வைத்திருக்கிறீர்கள். வருகை கட்டாயமாம். நன்றி, அவசியம் வருகிறோம்.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டுவிடுகிறேன். இன்னும் பட்டியல் இருந்தால் தேதியோடு முன்பே சொல்லுங்கள். நேராகக் கேட்பவரிடம் பொய் சொல்லும்படி மேலாளர்களை வைக்காதீர்கள். "சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றாவது சொல்ல விடுங்கள், புரிந்துகொள்வோம்.

நேற்று என்னையும் என் வேலையை எழுதிவைக்கச் சொன்னார்கள். லீவுக்காகத்தானாம். எழுதத் தொடங்கிவிட்டேன். எதற்காக எழுதுகிறேன் என்பதை மட்டும், முடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்று காலைவரை அட்டை வேலை செய்கிற ஓர் ஊழியன்