ஞாயிறு மாதிரிப் படகு ஓட்டம்: இந்த முறை காஃப் பாய்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஞாயிறு காலை 9 மணிக்கு காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக்கு வந்துவிடுங்கள்.

முக்கோணப் பாய் வேண்டாம், காஃப் பாய்தான். நாலு மூலைப் பாய்; மேல்விளிம்பு ஒரு சாய்ந்த கட்டையில் நிற்கும். கட்டையை ஏற்ற இரண்டு கயிறு: பாய்மரத்தை ஒட்டிய முனைக்கு ஒன்று, வெளிமுனைக்கு ஒன்று. வெளிமுனைக் கயிறு தளர்ந்தால் பாயில் மூலைவாட்டில் சுருக்கம் விழும். முதலில் அதைப் பாருங்கள். குட்டை மரத்திலேயே பெரிய பாய் ஏற்றலாம், ஆனால் எதிர்காற்றில் கொஞ்சம் மந்தம்தான். வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அன்னபூரணிக் கப்பலும் பின்மரத்தில் இப்படிப்பட்ட பாய் ஏற்றிய வகைதான்.

படகு எல்லாருக்கும் ஒரே அளவு. டப்ளினில் 1887இல் வாட்டர் வாக் என்ற ஒரே அளவுப் பாய்ப்படகு வகை தொடங்கியதே இதற்காகத்தான்: காசு இருப்பவர் அல்ல, ஓட்டத் தெரிந்தவர் ஜெயிக்கட்டும் என்று.

பாய்க்கு உரப்பை போதும். மழை என்றால் அடுத்த ஞாயிறு. பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.