அயல்நாட்டு மாணவர் ஊழியத்திற்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி மடல்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம் பகுதிகளில் வாழும் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்துகொண்டே எங்களோடு நின்ற அண்டை அயலாருக்கும், எங்கள் சபையின் அயல்நாட்டு மாணவர் ஊழியக் குழு கிறிஸ்துவின் நாமத்தில் தெரிவித்துக்கொள்ளும் நன்றி.

ஆண்டறிக்கையில் எத்தனை கூடுகைகள் நடந்தன, யார் யார் செய்தி அளித்தார்கள் என்பது வந்துவிடும். செய்தி அளித்த ஐயர்மாருக்கும் அம்மாமாருக்கும் ஆராதனையிலேயே நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தியாயிற்று. ஆனால் இந்த ஊழியம் வளர்ந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: முதலில் வந்தது வீடு, அடுத்து வந்தது அடுப்பு, அதன் பிறகு அரசாங்கத் தாள்கள், வேதபாடம் வந்தது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். ஆகவே அறிக்கையில் பெயர் ஏறாதவர்களுக்கே இந்த மடலை எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் இதில் இல்லை.

சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு வடசென்னையில் என்ன வேலை என்று தொடக்கத்தில் பலர் கேட்டதுண்டு. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வேப்பேரியில் அதன் பழம்பெரும் கல்லூரியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது ஒரு பதில். பெரிய பதில் மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் நீண்ட பிறகு, திருவொற்றியூரில் ஏறுகிற மாணவன் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. தெற்கே கேட்கிற வாடகையைக் கொடுக்க முடியாமல் திணறிய எத்தியோப்பிய, தான்சானிய, நேபாள மாணவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். ஊழியம் வளர்ந்ததற்கு எங்கள் சாமர்த்தியத்தைவிட ரயில் பாதைக்கே கூடுதல் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வந்தவர்களுக்கு வீடு கிடைத்ததா என்றால், எளிதில் கிடைக்கவில்லை. பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையின் வழக்கம். உதவித்தொகையில் படிக்கிற பிள்ளையால் அதைப் புரட்ட முடியாது. அட்வான்ஸைத் தாண்டி இன்னொரு தடையும் இருந்தது. தொலைபேசியில் சரி என்று சொன்ன வீட்டுக்காரர், மாணவனின் நிறத்தை நேரில் பார்த்ததும், ஊரிலிருந்து உறவினர் வருகிறார், வீடு இல்லை என்று சொல்லிவிடுவார். இப்படிச் சொன்னவர்களில் ஞாயிறுதோறும் நம்மோடு திருவிருந்தில் பங்கேற்பவர்களும் இருந்தார்கள் என்பது நமக்கு வெட்கக்கேடு. இந்த நிலையில், புது வண்ணாரப்பேட்டையில் மாடி வீட்டை இரண்டு மாத அட்வான்ஸுக்குக் கொடுத்து, தெருவில் எழுந்த பேச்சையும் தானே எதிர்கொண்ட அம்மையாருக்கு எங்கள் முதல் நன்றி உரியது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற குடும்பம் அது. அவர் வீட்டில் குடியிருந்த பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்த பிறகுதான் அதே தெருவில் அடுத்தடுத்த கதவுகள் திறந்தன.

வீட்டுக்காரர்கள் தயங்கியதற்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற எவரும், அவர் வந்த 24 மணி நேரத்திற்குள், சி படிவம் என்று வழக்கில் சொல்லப்படும் தங்குமிடத் தகவல் படிவத்தை இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். கணினியைத் தொட்டே இராத ஒரு முதியவரிடம் இதைச் சொன்னால், போலீஸ் விவகாரம் எதற்கு என்றுதான் நினைப்பார். மாணவரின் பங்குக்கு, 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கல்லூரியின் சான்றும் தங்குமிடத்தின் ஆதாரமும் வேண்டும். தங்குமிட ஆதாரம் இல்லாவிட்டால் பதிவு நடக்காது, பதிவு இல்லாவிட்டால் அடுத்த வேலைகள் ஒவ்வொன்றும் தடைபடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் சபையின் மூத்த ஐயா ஒருவர். மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரின் திண்ணையிலேயே உட்கார்ந்து, கடவுச்சீட்டு எண்ணை இரண்டு முறை உரக்க வாசித்துச் சரிபார்த்துப் படிவத்தை ஏற்றுவார். அதன் நகலை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுத்து, யார் வந்து கேட்டாலும் இதைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பதிவு வேலைகள் 2018இல் இணையவழிக்கு மாறியபின்னும், நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தால் ஹாடோஸ் சாலையிலுள்ள பதிவு அலுவலகத்திற்கு மாணவரோடு கூடவே போய்க் காத்திருந்தவரும் அவரே. ஐயா, உங்கள் பொறுமை எங்கள் பிரசங்கங்களைவிடப் பயன் தந்தது.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியத் திருச்சபையாருக்குக் கிறிஸ்து பிறப்புத் திருநாள் ஜனவரி 7. அதற்கு முன் 43 நாள் இறைச்சி, முட்டை, பால் தவிர்த்து நோன்பிருப்பார்கள். நாம் டிசம்பர் 25 அன்று கேக்கும் பிரியாணியும் வைத்து அவர்களை அழைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மரியாதைக்கு வந்து, எதையும் தொடாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். காரணத்தைக் கேட்டறிந்த பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள், ஜனவரி 7 அன்று அவர்கள் முறைப்படியே விருந்து வைப்போம் என்று முடிவு செய்தார்கள். புளித்த மாவில் தோசைபோல் வார்க்கிற அவர்களுடைய இஞ்செராவுக்கு வேண்டிய டெஃப் தானியம் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. தண்டையார்பேட்டை அக்கா ஒருவர் கேழ்வரகு மாவோடு அரிசி மாவைக் கலந்து கரைத்து, நன்றாகப் புளிக்கும் வரை வைத்திருந்து, தோசைக் கல்லில் மெல்ல வார்த்து, திருப்பிப் போடாமல் மூடி வைத்து வேக வைத்தார். மேற்புறமெங்கும் சிறுசிறு கண்கள் விட்டு எழுந்தபோது, பக்கத்தில் நின்ற மாணவி தன் தாயாரைக் காணொளியில் அழைத்து அந்தக் கல்லையே காட்டினாள். கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் தோன்றி நம் நாட்டுக்கு வந்த தானியம் என்று மாதவரத்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அன்று சொன்னார். நம் கூழும் அவர்கள் ஊர்ப் பண்டம்தான் என்று அக்காவுக்கு ஒரே பெருமை. அன்றிலிருந்து சபை நாட்காட்டியில் ஜனவரி 7 நிலைத்துவிட்டது. அந்த மேசைக்கு வந்தவர்களிலிருந்துதான் இன்றைய வெள்ளிக்கிழமை வேதபாடக் குழுவும் உருவாயிற்று.

வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானபோது ஆப்கானிய மாணவர்களும், 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அந்நாட்டு மாணவர்களும், வீட்டிலிருந்து பணம் வராமல், திரும்பிப் போகவும் வழியில்லாமல் நின்றார்கள். கணக்கு வேண்டாம், கையில் வரும்போது கொடுங்கள் என்று அவர்களுக்கு மாதக்கணக்கில் மளிகை கொடுத்த மண்ணடி பாய்க்கும், ரமலானில் நோன்பு திறக்க எங்கள் மாடி அறையைத் தந்தபோது மனங்கோணாத சபைக் குழுவினருக்கும் நன்றி. இவர்களிடம் மதம் பேசவில்லையா என்று சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னோம், கேளாதவர்களுக்குச் சோறு போட்டோம். உதவியைத் தூண்டிலாக்குவதில்லை என்பது குழு முதல் நாளே எடுத்த தீர்மானம். மாணவர் விசாவில் வந்தவர் இங்கே மதப்பணி ஆற்றக்கூடாது என்கிற சட்ட வரம்பையும் நாங்கள் மீறியதில்லை. அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்வதில்லை என்பதில் இனியும் உறுதியாக இருப்போம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது வியாசர்பாடியில் கீழ்த்தளத்தில் சிக்கிய மாணவர்களைப் படகில் மீட்ட காசிமேட்டுச் சகோதரர்களுக்கும், டெங்குக் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தன் பணி நேரம் முடிந்த பிறகும் துணையிருந்த செவிலியர் சகோதரிக்கும் எவ்வளவு சொன்னாலும் போதாது.

இந்தப் பணி நாம் கண்டுபிடித்ததும் அன்று. 1909இல் நியூயார்க்கில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பணியாளரான ஹாரி எட்மண்ட்ஸ் வழியில் கண்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் சொன்னார். மூன்று வாரத்தில் தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த மாணவர் பதில் சொன்னாராம். அந்தப் பதில் அவரை உறுத்தியதில் தொடங்கிய முயற்சியே 1924இல் அங்கே திறக்கப்பட்ட சர்வதேச மாணவர் இல்லமாயிற்று. நம் தெருக்களிலும் அப்படி யாரும் பேசாத பிள்ளைகள் நடமாடியிருக்கிறார்கள். டீக்கடையில் அவர்களுக்கு முதல் வணக்கம் சொன்ன ஆட்டோ ஓட்டுநர்களை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

பண விஷயம். இவ்வூழியத்தின் செலவு முழுவதும் இங்குள்ளவர்களின் காணிக்கையும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகையுமே. சென்ற பண்டிகையில் ஒரு பூசணிக்காயை விடாமல் ஏலத்தில் ஏற்றி, எடுத்த பிறகு மீண்டும் ஏலத்துக்கே விட்ட வாலிபர் ஐக்கியத்தாருக்குத் தனி நன்றி. படிப்பு முடித்து ஊர் திரும்பிய பழைய மாணவர்கள் சிலர், இப்போது அங்கே கல்லூரிகளில் கற்பிக்கிறவர்கள், பணம் அனுப்பட்டுமா என்று எழுதினார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் அதை நாங்கள் வாங்க இயலாது என்று விளக்கி, உங்கள் ஊருக்குத் தமிழ்ப் பிள்ளை எவராவது படிக்கவோ வேலைக்கோ வந்தால் ஒரு வேளை சாப்பாட்டுக்கு அழையுங்கள் என்று பதில் எழுதினோம். அடிஸ் அபாபாவில் அப்படி ஒரு சாப்பாடு நடந்துவிட்டது, சாம்பார் சுமார்தான் என்று செய்தியும் வந்திருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் புதிய மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். மெத்தை, மின்விசிறி, ஸ்டவ், நல்ல நிலையிலுள்ள பாத்திரங்கள் ஆகியவற்றை ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை அலுவலகத்தில் கொடுக்கலாம். வாடகைக்கு விட வீடு உள்ளவர்கள் அங்கேயே சொல்லி வைத்தால் போதும், சி படிவத்தை ஐயா வந்து பார்த்துக்கொள்வார்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
செயலாளர்,
அயல்நாட்டு மாணவர் ஊழியக் குழுவிற்காக