பாய்மரப் பயணத்துக்குப் பணம் கட்டி என்ஜின் சத்தத்தில் போன கதை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை
பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை

பொருள்: லிமிங்டன்–கௌஸ் படகுப் பயணத்தில் சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

என் அப்பா 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான்: என்ஜின் ஓடாத படகில் ஒரு நாள் கடலில் போக வேண்டும். அதற்காகவே, இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டனிலிருந்து வைட் தீவின் கௌஸ் துறைமுகம் வரை, 'பாய் விரித்து நிதானமாக ஒரு கோடைப் பயணம்' என்று தாங்கள் விளம்பரப்படுத்தியதை நம்பி ஆகஸ்ட் மாதத்துக்குப் பதிவு செய்தேன்.

காலை 10 மணிக்குப் புறப்பட வேண்டிய படகு பிற்பகல் ஒன்றரைக்குத்தான் கிளம்பியது. முந்தைய பயணிகள் தாமதமாகத் திரும்பியிருந்தார்கள். அறை துடைக்கப்படவில்லை, குடிநீர் நிரப்பப்படவில்லை. மூன்றரை மணி நேரம்தானே என்று தங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னார். வேறு இடமாக இருந்தால் நானும் பொறுத்திருப்பேன். ஆனால் அது இங்கிலாந்துக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சோலன்ட் நீரிணை. கடல் ஏறும்போது நீரோட்டம் கிழக்கே கௌஸ் பக்கம் ஓடும். வற்றும்போது மேற்கே திரும்பிவிடும். காலையில் கிளம்பியிருந்தால் தென்மேற்குக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்தே எங்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். நாங்கள் கிளம்பியபோது நீரோட்டம் எதிரே வந்தது. மெல்லிய காற்றில் பாயை மட்டும் நம்பினால் படகு ஊர்ந்துதான் போகும் என்று ஓட்டுநர் என்ஜினைப் போட்டார். நான்கு மணி நேரம் அது நிற்கவே இல்லை. அப்பா எதுவும் பேசாமல் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

வழியில் வைட் தீவின் நியூடவுன் கழிமுகத்தில் நங்கூரமிட்டு மதிய உணவு என்று சொல்லியிருந்ததும் நடக்கவில்லை. வற்றும் நேரத்தில் ஆழமில்லாத அந்த வாய்க்குள் நுழைந்தால் தரைதட்டிவிடும். ஓட்டுநர் பெண்மணி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மிகுந்த பொறுப்போடு ஓட்டினார். இதையெல்லாம் பொறுமையாக விளக்கியவரும் அவரே.

கௌஸில் நடந்ததுதான் பெரிய அநியாயம். 1826 முதல் நடக்கும் புகழ்பெற்ற படகுப் பந்தய வாரம் அது. மெடினா ஆற்றின் முகத்துவாரம் முழுக்கப் படகுகள். அப்படிப்பட்ட வாரத்தில் 'படகுத்துறையில் இடம் உறுதி' என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறீர்கள். துறைமுக அலுவலகத்தில் எங்கள் படகின் பெயரே பதிவாகியிருக்கவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்த பின், வரிசையாகக் கட்டியிருந்த நான்கு படகுகளுக்கு வெளியே ஐந்தாவதாகக் கட்ட இடம் கிடைத்தது. 74 வயது அப்பா, முன்பின் தெரியாதவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு படகுகளின் கம்பிவேலிகளையும் தாண்டிக் கரையேறினார். கால் சறுக்கியிருந்தால் யார் பொறுப்பு? துறைக் கட்டணத்தையும் நான்தான் கட்டினேன்.

பயணக் கட்டணத்தில் பாதியையும் துறைக் கட்டணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இடம் பதிவு செய்யாமலே 'உறுதி' என்று அச்சிட்டது ஏன் என்று எழுத்துமூலம் விளக்க வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நான் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, துறைக் கட்டணச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்.